ரகரத்தில் கட்டிய பாட்டு

பாட்டிலிருந்து பெயரை எடுத்தவள் எழுத்தையும் மாற்றியிருக்க வேண்டும். அம்பரோ பிறகு தன்னைத் திட்டிக்கொண்டதெல்லாம் இதற்காகத்தான். எழுத்தை மாற்றியிருந்தால் செய்த துரோகத்தில் பாதியாவது யார் கண்ணுக்கும் படாமல் போயிருக்கும். மாற்ற மனசு வரவில்லை. பாட்டு அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

ஹர்கெய்சாவில் கல்யாணப் பாட்டு கட்டுகிற பெண்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் அம்பரோ எழுந்து நின்றால்தான் கூட்டம் வாயை மூடும். கல்யாணம் முடிந்த ஏழாம் நாள் பிற்பகல் பெண்ணை நடுவில் உட்காரவைத்து, வந்திருக்கிற கல்யாணமான பெண்கள் ஆளுக்கொரு ஷாஷ், அதாவது பட்டுத் தலைத்துணி, அவள் தலையில் போட்டு வாழ்த்துவார்கள். அதுவரை பின்னல் தெரியத் திரிந்தவள் அன்றிலிருந்து தலை மூடிய குடும்பக்காரி. அப்போது பாடுகிற பாட்டில்தான் அவள் எந்த வம்சம், யார் பெற்றது, யார் வளர்த்தது என்பதெல்லாம் ஊரறியச் சொல்லப்படும். பாட்டில் வந்த பெயர் நிற்கும். வராத பெயரை யாரும் தேடப்போவதில்லை.

பாட்டுக்கு ஓர் எழுத்து உண்டு. முதல் வரிக்கு எந்த எழுத்தை மோனையாக எடுத்தார்களோ, கடைசி வரி வரைக்கும் வரிக்கு வரி அதுவே வந்தாக வேண்டும். ஒரு வரி சறுக்கினாலும் உட்கார்ந்திருக்கிற பெண்கள் உச்சுக்கொட்டிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் அந்தக் காது உண்டு. பெரும்பாலும் பெண்ணின் பெயரிலிருந்தோ அவள் பாட்டன் பெயரிலிருந்தோதான் எழுத்தை எடுப்பார்கள்.

இந்தத் தடவை எழுத்தைக் கொடுத்தவள் மணப்பெண்ணே. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஹிபாக் தனியாகக் கடைக்கு வந்து, துணி பார்ப்பதுபோல நின்று, கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, பாட்டுல ஒரு பேரு வரணும்."

"யாரு பேரு?"

"ரூன் அம்மா பேரு. நான் சொன்னா எங்க வீட்டுல காதுல வாங்க மாட்டாங்க. நீங்க பாடிட்டா அப்புறம் யாரு என்ன பண்ண முடியும்?"

அம்பரோவுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஊரில் குண்டு விழுந்த வருஷம் எல்லோரும் எல்லையைத் தாண்டி நடந்தார்களே, அந்தப் பாதையில்தான் ஹிபாக் பிறந்தாள். பெற்றவள் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். கூட நடந்துகொண்டிருந்த ரூன், தன் கைக்குழந்தையை ஒரு பக்கமும் இதை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டு ஹர்த்தஷேக் முகாம் வரைக்கும் வந்து, அங்கே இரண்டு வருஷம் பால் கொடுத்தாள். அதே வரிசையில் நாலாவது கூடாரம் அம்பரோவுடையது. அவளுக்குக் கல்யாணம் நடந்ததும் அந்த முகாமில்தான். ஏழாம் நாள் சடங்குக்கு மொத்த முகாமிலும் போட ஒரே ஒரு ஷாஷ் இருந்தது. அது ரூனுடையது. ஒருத்தி போடுவாள், அடுத்தவள் அதையே எடுத்துத் திரும்பப் போடுவாள். இப்படியே முப்பது பெண்கள் போட்டு முடிப்பதற்குள் அம்பரோவின் தலை கலைந்து கோழிக்கூடு மாதிரி ஆகிவிட்டது. ரூன்தான் சிரித்துக்கொண்டே மறுபடி பின்னிவிட்டாள்.

முகாமில் எல்லோரும் சமம். அங்கே அவள் அம்பரோவுக்கு ரூன் அக்கா. ஊர் திரும்பி, சுவர் எழுப்பி, கடை வைத்த பிறகு, நாலு பேர் காதில் விழுமே என்று வெறும் ரூன். ஏனென்றால் ரூன், தோல் வேலையும் இரும்பு வேலையும் செய்கிற குடியில் பிறந்தவள். அந்தக் குடியில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள். முடி பின்னக் கூப்பிடுவார்கள். அதற்கு மட்டும் அந்தக் கை வேண்டும்!

ஹிபாக் கேட்டதும் அம்பரோவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பேர் மட்டும் என்ன பேர், பாட்டையே அந்த எழுத்தில் கட்டுகிறேன் என்றாள். கட்டினாள். ரகரம் லேசில் கைக்கு வராத எழுத்து. மூன்று நாள் கடையில் உட்கார்ந்து முழம் போடும்போதெல்லாம் வாய் ரகரத்தையே மென்றுகொண்டிருந்தது. வம்சத்துக்கு எட்டு வரி, தகப்பனுக்கு நாலு, பெற்றவளுக்கு நாலு, ரூனுக்கு நாலு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஆறு. ரூனின் நாலு வரிதான் நடுத்தூண். மற்றதெல்லாம் அதை நோக்கியே ஏறி வந்தது.

அதற்கிடையில் ரூனே ஒருநாள் ஷாஷ் வாங்க வந்தாள். அவளுக்குப் பாட்டு விஷயம் தெரிந்திருந்தது. ஹிபாக் சொல்லாமல் இருப்பாளா? ஒரு மணி நேரம் எடுத்து எடுத்துப் பார்த்து, கடைசியில் மஞ்சள் கரை போட்ட சிவப்புப் பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது மட்டும், தொண்டைக்குச் சுடுதண்ணி குடி, வெயில்ல கத்திப் பேசாத என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சடங்குக்கு முந்தைய நாள் காலை எப்லா வந்தாள். எப்லா ஹிபாக்கின் அத்தை, தகப்பனுடைய அக்கா. தகப்பன் ஜித்தாவில் லாரி ஓட்டுகிறான். முகாமிலிருந்து திரும்பிய பிறகு பெண்ணை வளர்த்தவள் எப்லாதான். சும்மா சொல்லக்கூடாது, குறை வைக்காமல்தான் வளர்த்தாள். வந்தவள் முக்காலியில் உட்கார்ந்து, டீயை வாங்கிக் குடித்து, பாட்டை ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொன்னாள். அம்பரோ சொன்னாள். ரூனின் வரிகள் வந்ததும் எப்லா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது வேண்டாம் அம்பரோ."

"பொண்ணு கேட்டுக்கிட்டா, அக்கா."

"பொண்ணு சின்னது. நாளைக்கு அந்த வீட்டுல போயி வாழப்போறவ. அங்க ஒரு ஓரகத்தி ஒரு நாள் சண்டையில, நீ யாரு பாலு குடிச்சவன்னு கேட்டா, நீயா போயி பதில் சொல்லுவ? பாலு குடுத்தது பெரிய காரியந்தான். நான் மறக்கல. நோன்புக்கு நோன்பு அவ வீட்டுக்கு மாவு அனுப்பறேன். நாளைக்கும் வரட்டும், முடி பின்னட்டும், சாப்பிடட்டும். பேரு எதுக்கு?"

மிரட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எதிர்த்து நின்றிருக்கலாம். எப்லா மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை, ஏதோ உப்பு குறைக்கச் சொல்வதுபோலச் சொன்னாள். அம்பரோவும் உப்பு குறைப்பதுபோலவே தலையாட்டினாள். பெண் நன்றாக இருந்தால் போதாதா, ரூனைக் கேட்டாலும் இதைத்தானே சொல்வாள் என்று தனக்குத் தானே ஒரு சமாதானமும் செய்துகொண்டாள். மனுஷ மனசுக்கு இந்த மாதிரி நேரத்தில் சமாதானத்துக்கா பஞ்சம்? ரூனைக் கேட்டுவிட்டு வரலாம் என்று மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

நாலு வரியை எடுத்தாள். வேறு எழுத்தில் புதுப்பாட்டு கட்ட ஒரு பகலும் ஒரு காலையும் இருந்தன. உட்கார்ந்தாள். இரண்டு வரி வந்தது, சப்பென்று. ரகரப் பாட்டை விட மனசு வரவில்லை. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். ஊரில் ஒவ்வொருத்திக்கும் காது எப்படி என்று நன்றாகத் தெரிந்தவளே இப்படி நினைத்தாள் என்றால், அது ஏமாளித்தனம் இல்லை, திமிர்.

மறுநாள் பிற்பகல் எப்லாவின் கூடத்தில் அறுபது பெண்கள். சாம்பிராணிப் புகையில் ஆள் முகம் பாதிதான் தெரிந்தது. மெல்லிய நீள அங்கிகளும் பளபளக்கிற உள்பாவாடைகளும் சுவரோரம் வண்ண வண்ணமாக நெருக்கியடித்தன. நடுவில் ஹிபாக் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் ரூன் பின்னிய பின்னல், அரிசி அரிசியாக, வகிடு ஒவ்வொன்றும் நூல் பிடித்ததுபோல. மாப்பிள்ளையின் அம்மா ஹலோன் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். பார்த்து, இந்தக் காலத்தில் இப்படிப் பின்ன யாருக்குக் கை வருது என்று பக்கத்தில் இருந்தவளிடம் வியந்தாள். ஹலோன் அதிகம் பேசுகிறவள் இல்லை. கேட்கிறவள். அவளும் பாட்டு தெரிந்த வீட்டில் பிறந்தவள் என்பது அம்பரோவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரூன் வாசல் பக்கம், செருப்புகள் கிடக்கிற இடத்துக்கு இந்தப் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. அவளே தேடிக்கொண்ட இடம் அது. மடியில் அந்தச் சிவப்பு ஷாஷ், கடையில் மடித்த மடிப்பு கலையாமல்.

மேளம் எழுந்தது. அம்பரோ நடுவுக்கு வந்து முதல் வரியை எடுத்தாள். முதல் வார்த்தையிலேயே ரகரம் விழுந்ததும் வாசல் பக்கம் ரூன் நிமிர்வதை அவள் பார்த்துவிட்டாள்.

அந்த நிமிர்வைத்தான் அம்பரோவால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ரூனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஹிபாக்கின் பெயரில் ரகரம் இல்லை. தகப்பன் பெயரில் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் இல்லை. அப்படியென்றால் பேர் ஒன்று வரும் என்பது போய், பாட்டு முழுக்கத் தனக்கே கட்டியது என்று அவள் தெரிந்துகொண்டாள். துணியை மடியில் நீவிவிட்டுக்கொண்டாள். வம்சத்து எட்டு வரி போனது. தகப்பனின் நாலு. கூட்டம் வரிக்கு வரி குலவையிட்டது. பெற்றவளின் நாலு வரி வந்தபோது ரூன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உதடு லேசாக அசைந்தது. அடுத்து தன் முறை என்று பாட்டின் ஏற்றமே அவளுக்குச் சொல்லியிருக்கும்.

அம்பரோ ஒரு மூச்சு விட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தாவினாள்.

மேளம் அடிக்கிற பெண்ணுக்கே கை ஒரு தட்டு தடுமாறியது. படிக்கட்டில் ஒரு படி இல்லாததுபோல. ஹிபாக் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தாலும் தோள் இறுகிப்போனது. அம்பரோ வாசல் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமலே பாடி முடித்தாள். ஒரே ஆரவாரம்! மூன்று நாலு பேர் கைப்பேசியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மாலையே பாட்டு லண்டனுக்கும் துபாய்க்கும் போய்விடும்.

ஆரவாரம் அடங்கியதும் ஹலோன் நிதானமாகக் கேட்டாள்.

"பாட்டு நல்லாருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரகரத்துல ஓடுதே, ரகரப் பேரு யாருக்கு? எனக்கென்னமோ வந்து நிக்காமப் போன மாதிரி இருந்துச்சு."

கூடமே அம்பரோவைப் பார்த்தது. எப்லா அல்வாத் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். இரண்டாவது தடவையாக ஒரு வாசல் திறந்து கிடந்தது, எத்தனை பேருக்கு அது கிடைக்கும்? ஒரு பெயர். இரண்டே எழுத்து. அம்பரோவின் நாக்கு ரகரத்தில் போய் ஒட்டியும் ஒட்டிவிட்டது.

"ரப்புக்கு," என்றாள். "படைச்சவன் பேரால கட்டினேன்."

கூடம் முழுக்க ஆமீன் என்றது. நாக்குக் கூசாமல் சொல்லிவிட்டாள். தன் கோழைத்தனத்துக்கு ஆண்டவனைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தாள். ரூனும் ஆமீன் சொன்னது கேட்டது.

ஷாஷ் போட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதலில், பிறகு எப்லா, பிறகு மற்றவர்கள், ஒவ்வொருத்தியும் வாழ்த்துச் சொல்லி, துணியைப் பெண்ணின் தலையில் போட்டு நகர்ந்தார்கள். துணி மேல் துணி விழுந்து காலையில் பின்னிய பின்னல் ஒன்றுகூட வெளியே தெரியாமல் மறைந்தது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ரூன் எழுந்து வந்தாள். ஹலோன் பெண்ணுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

ரூன் எப்லாவைப் பார்க்கவில்லை. ஹிபாக்கைப் பார்க்கவில்லை. அம்பரோவை ஒரு தரம் பார்த்தாள், கோபமே இல்லாமல். அவள் எழுதிக் கொடுத்த சீட்டைப் படிப்பதுபோல.

"முடி பின்ன வந்தேன்மா," என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டு, கையில் இருந்த துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஹலோன் முகம் மலர்ந்து, நீங்கதானா அது, அந்தக் கைக்கு நான் என்ன குடுக்க என்று சொல்லி, தானே அல்வாவை அள்ளி ஒரு காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். வேலைக்கு வந்தவர்களை அனுப்புகிற மாதிரியேதான். ஆனால் அன்பாக. ரூன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். துணிகளுக்கு உள்ளே ஹிபாக் அழுகிறாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. மணப்பெண் அழுவது வழக்கம்தானே என்று பெண்கள் சிரித்தார்கள்.

ரூன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அம்பரோவுக்கு அப்போதுதான் கால் வந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல எழுந்து, வாசலைத் தாண்டி, சந்தில் அவளைப் பிடித்தாள்.

"அக்கா."

ரூன் நின்றாள். இருபது வருஷம் கழித்து அந்த வார்த்தை. சந்தில் வேறு யாரும் இல்லை, அதனால்தான் வந்தது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

அம்பரோ என்னென்னவோ சொல்ல வந்தாள். எப்லா வந்தது, பெண்ணின் நன்மை, எழுத்தை மாற்ற நேரம் இல்லாதது. அதற்குள் ரூன்தான் கேட்டாள்.

"எத்தனை வரி எடுத்த?"

"நாலு."

"நாலா?" ரூனின் முகத்தில் மெய்யாகவே ஒரு சந்தோஷம் வந்தது. "பெத்தவளுக்கும் நாலுதானே பாடின? எனக்கும் நாலா? ரெண்டு இருக்கும்னு நெனச்சேன்."

செருப்பால் அடித்திருந்தால் வலித்திருக்காது. அம்பரோ சுவரைப் பிடித்துக்கொண்டு, இப்பவே சொல்றேன்க்கா, கேட்டுட்டுப் போங்க என்றாள்.

"சந்துல வேண்டாம்மா," என்றாள் ரூன். "இது சந்துல சொல்ற விஷயமா?" கக்கத்திலிருந்த ஷாஷை எடுத்து அம்பரோவின் கையில் வைத்தாள். "இத அவ தலைல நீ போட்ரு. யாரு குடுத்ததுன்னு சொல்லாத. அவ அங்க வாழணும்."

அல்வாப் பொட்டலத்தோடு அவள் சந்து முனைக்குப் போய்த் திரும்பினாள். உள்ளே மேளம் மறுபடி எழுந்தது. பெண்கள் கை தட்டி அம்பரோவைக் கூப்பிட்டார்கள். ரகரப் பாட்டு இன்னொரு தடவை வேண்டுமாம். கைப்பேசியில் முதல் வரி சரியாகப் பிடிபடவில்லையாம்.

உள்ளே போனாள். பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எப்லாவின் கண்ணைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாவலை இன்னொரு தடவை தாவ அவளால் முடியாது, அவ்வளவுதான். பெற்றவளின் வரிகள் முடிந்தன. அம்பரோ ஹிபாக்கின் பக்கத்தில் போய் நின்று, சிவப்பு ஷாஷை உதறி, ஐம்பது துணிகளுக்கும் மேலே போட்டாள்.

*ரோட்டோரம் ராத்திரியில் ரத்தத்தில் தாய் போனாள்,*
*ரெண்டு மாரில் ஒரு மாரை ரூன் உனக்கு ஒதுக்கிவைத்தாள்,*
*ரொட்டி இல்லா நாளிலும் அவள் ரத்தம் பாலாய்ச் சுரந்ததடி,*
*ராணி, நீ பிறந்த வீடு ரூன் என்ற அந்த மடி.*

மேளம் நின்றுவிட்டது. குலவை எழவில்லை. எப்லா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ஹிபாக் வழக்கத்தை மீறித் தலையை நிமிர்த்தி, துணிகளை விலக்கி, கூட்டத்தில் தேடினாள். வாசல் பக்கம், செருப்புகளுக்கு இந்தப் பக்கம், அந்த இடம் காலியாக இருந்தது.

ஹலோன் பெண்ணின் தலையில் கிடந்த சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் அல்வா கட்டிக் குடுத்து அனுப்பினேனே, அந்த அம்மாவா?"

கேட்ட குரலில் இருந்தது கோபமா அவமானமா என்று அம்பரோவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஆமாங்க," என்றாள். "உங்களை அல்வா கட்டிக் குடுக்க வெச்சது நான்தான்."

ஹலோன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அல்வாவின் நெய் இன்னும் அதில் ஒட்டியிருந்தது.